ஆளில்லாத் தீவும் அப்பிச்சி ரோசனையும்

வா கண்ணு, உக்காரு. அம்முணி, நீயும் இப்புடித் திண்ணைக்கு வாம்மா. உங்க அமுச்சி காப்பி வெக்கறா. அது வாரதுக்குள்ள அப்பிச்சி நாலு ரோசனை சொல்லிப்போடறேன். காதுல வாங்கிக்கிட்டாப் போதும், கேட்டபடி நடக்கோணும்னு கட்டாயமில்ல. இந்த ஊட்டுல நாஞ்சொல்லி எந்தக் காரியம் நடந்திருக்குது, இது நடக்கறக்கு?

லட்சத்தீவு போறீங்களாமா. சரவணம்பட்டி ஆபீசுல கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. மனுசன் மூஞ்சி படாத எடமா, போன் அடிக்காத எடமா இருக்கோணும். சுத்தியும் நீலத் தண்ணி, நடுவால தென்னமரம், அதுக்கடியில நீங்க ரெண்டு பேரு மட்டும். வெகு நல்ல ரோசனை. பொள்ளாச்சித் தோப்புக்குள்ள பொறந்து, தென்ன மட்டையில உக்காந்து இழுத்து வெளையாண்ட பையன், தென்னமரம் பாக்கறக்குக் கடல் தாண்டிப் போறான். இங்க எளநி வெட்டிக் குடுத்தா "சளி புடிக்குமுங்க அப்பிச்சி"ம்பே. அங்க போயி அதே எளநிக்குக் காசு குடுத்து, குடிக்கறதுக்கு முந்தி போட்டோவும் புடிப்பே. நாந் தப்புச் சொல்லலை. உள்ளூர்ப் பண்டத்துக்கு என்னைக்கு மருவாதி இருந்துச்சு?

சரி, மொதல்ல கணக்கைப் பாத்துக்குவோம். உங்களுக்குச் சதுர கிலோமீட்டர், எனக்கு ஏக்கரு. 36 தீவையும் ஒட்டுக்காச் சேத்தாலே 32 சதுர கிலோமீட்டர்தான். ஏக்கருக்குச் சொன்னா 8,000-த்துக்குக் கொஞ்சம் கொறவு. அதுல சனம் குடியிருக்கறது 10 தீவு. 2011 சென்சஸ்ல 64,000-த்துச் சொச்சம் பேரு. பிரிச்சுப் பாத்தா சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேருக்கு மேல வருது. அதே சென்சஸ்ல நம்ம கோயமுத்தூர் மாவட்டத்துக்கு எத்தனைன்னு நெனைக்கறே? 731. ஆக, ஆளில்லாத எடந்தேடிக் கெளம்பின எங்க ஊட்டுப் புத்திசாலி, நம்மளைக் காட்டியும் ஏறக்கொறைய மூணு மடங்கு நெருக்கடியான எடத்துக்குப் போகத் துடிக்கறான். பித்ரான்னு ஒரு தீவு, அந்த 10-லயே குட்டி. 26 ஏக்கரா, 271 பேரு. ஆனைமலைப் பக்கம் ஒத்தைப் பண்ணாடி தோப்பு அதைவிடப் பெருசா இருக்கும்.

"பங்காரத்துல குடியிருப்பில்லையே அப்பிச்சி"ங்கறயா? இல்லதான். பங்காரம், தின்னகரா ரெண்டும் ஒறம்பரைக்குன்னே ஒதுக்கிவெச்ச தீவுக. அங்க ஊராளு கம்மி, உன்னாட்டம் ஆளில்லாத எடந்தேடி வந்த ஆளுகதான் அதிகம். அத்தனை பேரும் ஒருத்தரையொருத்தர் போட்டோவுல வுழுகாம ஒதுக்கி ஒதுக்கிப் படம் புடிச்சுட்டு இருப்பாங்க. நெசமாலுமே ஒருத்தருமில்லாத எடம் வேணும்னா அதே பங்காரத்துக்குப் பக்கத்துல பரளின்னு ஒண்ணு இருந்துச்சு. அரிச்சு அரிச்சுக் கடலே அதை முழுங்கிப்போட்டுதுன்னு 2017-ல ஆராய்ச்சிக்காரங்க சொன்னாங்க. அங்க கூட்டமே இருக்காது. ரூம்புதான் கெடைக்காது.

பொறவு பர்மிட்டு. நம்ம நாட்டுக்குள்ளயே இருக்கற தீவுதான், ஆனா பர்மிட்டு இல்லாம காலை வெக்க முடியாது. 1967-லயே போட்ட விதி. எந்தத் தீவுக்குப் போறே, எத்தனை நாளு இருப்பே, அங்க உனக்கு யாரு பொறுப்பு, அத்தனையும் எழுதிக் குடுக்கோணும். அதோட இந்தாளு மேல வழக்கு வம்பு ஒண்ணுமில்லைன்னு போலீசுல சான்றிதழ் கேப்பாங்க. அம்முணி, உன்னை இவனுக்குக் கட்டிவெக்கறப்ப உங்கப்பா சாதகம் கேட்டாரு, சம்பளம் கேட்டாரு, பூமி எத்தனை ஏக்கருன்னு கேட்டாரு. போலீசு சான்றிதழ் கேக்கணும்னு அவருக்குத் தோணலை பாரு. தீவுக்காரன் வெவரமா இருக்கான்.

அந்தக் கெடுபிடிக்குக் காரணமிருக்குது. அங்க பொறந்து வளந்த சனம் பட்டியல் பழங்குடி. துளியூண்டு மண்ணு. வெளியாளு நொழைஞ்சா ரெண்டு தலைமுறையில அவியளுக்கு நிக்கறக்கு எடமிருக்காது. அதனால வெளியாளு நெலம் வாங்கச் சட்டம் வுடாது. இதை உனக்கு இப்பவே சொல்லிப்போடறேன். ஏன்னா நம்ம கோயமுத்தூர்க்காரன் எங்க போனாலும் மொத நாளு காத்து நல்லா இருக்குதுன்னுவான், ரெண்டாம் நாளு "இங்க செண்டு என்ன வெலை போகுது"ன்னு கேட்டுப்போடுவான். அங்க அந்தக் கேள்வியைக் கேக்காத, கண்ணு. உங்க பெரியப்பன் ஊட்டி போனாக்கூட அதைத்தான் கேக்கறான், மானம் போகுது.

இன்னொரு கூத்து. 1956 நவம்பர் 1-ம் தேதி டில்லி அதைத் தனியாப் பிரிச்சு எடுத்துக்கற வரைக்கும் அந்தத் தீவுக நம்ம மெட்ராஸ் ராஜ்ஜியத்தோடதான் இருந்துச்சு. பாதி மலபார் சில்லா, பாதி தென் கன்னட சில்லா. 1973-லதான் லட்சத்தீவுன்னு பேரு வந்துச்சு. கையில இருந்தப்ப நாம யாரும் சீந்தலை. 2024 ஜனவரியில பிரதமரு அந்த மணல்ல நாற்காலி போட்டு உக்காந்த படம் வந்துச்சு. அதைப் பாத்து மாலத்தீவுக்காரனுக்கு ரோசம் வந்து, அங்க துணை மந்திரிக மூணு பேரு வாயை வுட்டு சஸ்பெண்டு ஆனாங்க. அதுக்கப்புறம் ஊரு முச்சூடும் லட்சத்தீவு லட்சத்தீவுன்னு ஒரே பேச்சு. உனக்கும் ஆசை அன்னைக்குத்தான் வந்திருக்கோணும். ஒரு நாற்காலிக்கு இருக்கற வேகம் பாத்தயா?

எப்புடிப் போறதுன்னு கேப்பே. வாளையாறு தாண்டி, பாலக்காடு, திருச்சூரு, கொச்சி. அங்கிருந்து ரெண்டு வழி. ஒண்ணு, அகத்தி விமானம். ஓடுபாதை 1,200 மீட்டர்தான், அந்தப் பக்கமும் கடல், இந்தப் பக்கமும் கடல். பெரிய விமானம் எறங்காது, எறக்கைக்கு முன்னால காத்தாடி சுத்தற சின்ன ஏடிஆர்தான். எறங்கறப்ப சன்னல்ல பாத்தாத் தண்ணியாவே இருக்கும், தரை கடேசி நிமிசத்துலதான் தெரியும். அம்முணி, அப்ப இவன் உன்ற கையைப் புடிப்பான். அது பாசமில்ல.

இன்னொண்ணு கப்பலு. கொச்சி வெலிங்டன் தீவுல ஏறோணும். எந்தத் தீவுங்கறதைப் பொறுத்து 14 மணி நேரத்துல இருந்து 20 மணி நேரம் வரைக்கும் ஆகும். 'கவரத்தி'ங்கற கப்பல்ல 700 பேரு போலாம். வேடிக்கை ஏறறதுல இல்ல, எறங்கறதுலதான். சுத்தியும் பவளத்திட்டு இருக்கறதுங்காட்டி கப்பலு பெரும்பாலும் கரைக்கு வராது, நடுக்கடல்ல நின்னுக்கும். தீவுல இருந்து மோட்டாரு படகு வரும். கப்பலோட விலாவுல ஒரு கதவைத் தொறப்பாங்க. அலை தூக்குறப்ப படகு உம்பட மொழங்காலுக்கு வரும். மறுக்கா பாத்தா ஆளு ஒசரத்துக்குக் கீழ கெடக்கும். மேல ரெண்டு மாலுமி அக்குளைப் புடிச்சுக்குவாங்க, படகுல ரெண்டு பேரு கையை நீட்டிட்டு நிப்பாங்க. "இப்ப!"ன்னு ஒரு சத்தம். அந்த நொடியில காலை வெச்சுப்போடோணும். "இருங்க, செருப்பைக் கழட்டிக்கறேன்"னு ரோசிச்சா, படகு கீழ போயிரும். அமுச்சி பட்டுன்னு எறங்கிட்டா. முன்னால நின்ன ஐ.டி. பையனைத்தான் சாக்குமூட்டையாட்டம் எறக்குனாங்க.

என்ன ரெண்டு பேரும் முழிக்கறீங்க? ஆமா, நாங்க போயிட்டுத்தான் வந்தோம். "குருவாயூர் போயிட்டு வாரோம்"னு சொல்லிப்போட்டுப் போனோமே, அப்பத்தான். போறப்ப குருவாயூரப்பனையும் கும்புட்டுட்டுத்தான் போனோம், அதனால அது பொய்யில்ல. நெசத்தைச் சொல்லியிருந்தா உங்கம்மா "இந்த வயசுல எதுக்கு"ன்னு ஒரு பாட்டம் அழுதிருப்பா, நீ "நான் ஆன்லைன்ல போட்டுத் தாரேனுங்க"ன்னு சொல்லி இன்னும் போட்டுட்டே இருந்திருப்பே.

காலம் பாத்துப் போகோணும். உங்களுக்கு லீவு கெடைக்கறது ஆடியிலயாமா? ஆடியில அங்க போறது அம்மியைப் பறக்கவுடற காத்தைப் பாக்கறக்குத்தான். ஐப்பசியில இருந்து சித்திரை வரைக்கும் நல்லது. வைகாசி பொறந்து தென்மேக்குப் பருவம் எறங்கிச்சுன்னா சின்னப் படகு ஓட வுடமாட்டாங்க, கப்பலும் கொறஞ்சு போகும். வாளையாறு கணவாய்க்குள்ள நமக்கு வார காத்து, அவியளை ஒரு கை பாத்துட்டுத்தான் இங்க வருது. சீக்கு வந்து முத்துனா ஹெலிகாப்டர்லதான் கொச்சிக்கு ஏத்தோணும். அதனால உம்பட மாத்திரை டப்பாவை மறந்துபோடாத.

போன் அடிக்காத எடம்னு நெனச்சயே, அதுலதான் எனக்குச் சித்தெ சிரிப்பு வந்துச்சு. கொச்சியில இருந்து கடலுக்கடியில கேபிள் போட்டு, அதையும் 2024 ஜனவரி 3-ம் தேதி பிரதமரு கவரத்தியில தொறந்துவெச்சுட்டாரு. உங்க மேனேஜரு இனிக் கடலுக்கடியில நீந்தி வருவாரு. உம்பட கூட்டாளிக கிட்டயும் ஒண்ணு சொல்லிப்போடு. பங்காரத்தைத் தவுத்து எந்தத் தீவுலயும் சாராயம், பீருன்னு ஒண்ணும் பேசப்படாது, மதுவெலக்கு. நம்மூர்ல தெரு முக்குக்கு முக்கு இருக்கற கடையை மனசுல வெச்சுட்டுப் போனா, அவிய மக்காநாளே திரும்பிருவாங்க.

இப்பத்தான் முக்கியமான சங்கதிக்கு வாரேன். தண்ணி. சிறுவாணித் தண்ணியில வளந்த வாயி உன்னுது, அதனால சொல்றேன். அங்க ஆறில்ல, ஓடையில்ல, மலையில்ல. பேயற மழை பவள மணலுக்குள்ள எறங்கி, கனமான உப்புத் தண்ணிக்கு மேல மெல்லிசா மெதக்குது. ஆளு ஒசரத்துக்குத் தோண்டினாத் தண்ணி வந்துரும். "ஆகா, என்ன ஒரு நீர்மட்டம்!"னு எனக்கு வாயூறிப்போச்சு. ஆனா மோட்டாரைப் போட்டு வெசையா உறிஞ்சினா அடியில இருக்கற உப்பு மேல ஏறிரும், கெணறு கெட்டுப்போகும். நாம 1,000 அடிக்குப் போர் போட்டுப் பொகையை எடுக்கறோம். அவிய கைக்கெட்டற தூரத்துல தண்ணியை வெச்சுக்கிட்டு அளந்து எடுக்கறாங்க.

அதுக்கு மேல ஒரு வேலை செஞ்சாங்க பாரு, அதைப் பாக்கறக்கே நான் இன்னொருக்கா போவேன். மெட்ராசுல பள்ளிக்கரணையில தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்னு ஒண்ணு இருக்குது. அவிய 2005-ல கவரத்தியில ஒரு எயந்திரத்தை நிறுத்துனாங்க. கடலுக்குள்ள 350 மீட்டர் ஆழத்துக்கு, நம்ம போர் ஆழத்துக்கே வெய்யி, குழாயை எறக்கிக் குளுந்த தண்ணியை மேல கொண்டாராங்க. குடிக்கறக்கில்ல. மேல இருக்கற வெதுவெதுப்புத் தண்ணியை, காத்தை உறிஞ்சுன தொட்டிக்குள்ள வுட்டா, அடுப்பே இல்லாம ஆவியாகுது. அந்த ஆவியைக் குளுந்த தண்ணிக் குழாய் மேல படவுட்டா, உப்பில்லாத தண்ணியா வடியுது. வெறகில்ல, மருந்தில்ல, மோட்டாருக்கு மட்டும் கரண்டு. ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர். பொறவு மினிக்காய், அகத்தின்னு மத்த தீவுகள்லயும் வெச்சாங்க.

1 லட்சம்னதும் கண்ணை விரிக்காத. கவரத்தியில 2011-லயே 11,000 பேருக்கு மேல. ஆளுக்கு 9 லிட்டருக்கும் கொறவு. நீ இங்க பல்லு வெளக்கி முடிக்கறதுக்குள்ள குழாய்ல அத்தனை ஓடிப்போகும். அங்க போயி ரூம்புல ஷவரைத் தொறந்துவுட்டுப் பாட்டுப் பாடினா, எவனோ ஒருத்தன் ஊட்டுக் குடத்துல இருந்து நீ குளிக்கறேன்னு அர்த்தம். 2023-ல டாடா கம்பெனி சுகேலியிலயும் கடமத்துலயும் தண்ணி மேலயே ரூம்பு கட்டி ஓட்டல் நடத்தப் போறதா அறிவிச்சுது. பேப்பர்ல படத்தைப் பாத்து நீ ரூம்பு வாடகையை ரோசிச்சே. நான் அத்தனை குளியலறைக்கும் எந்தக் கெணத்துல எறைப்பாங்கன்னு ரோசிச்சேன்.

தென்னையைப் பத்திப் பேசாம அப்பிச்சி வுடுவேனா? நம்ம தோப்புல தெக்கால வரிசையில நிக்குதே, காய் சிறுசா, கொலை நெறையா, அந்தச் சந்திரகல்பா, அதும்பட பூர்வீகமே அந்தத் தீவுதான். லக்கடிவ் ஆர்டினரிங்கற ரகத்துக்குத்தான் காசர்கோடு ஆராய்ச்சி நெலையத்துல அந்தப் பேரு வெச்சாங்க. கொப்பரையில 70 சதவீதத்துக்கு மேல எண்ணெய். நீ தீவைத் தேடிப் போறே, தீவு நீ பொறக்கறதுக்கு முந்தியே உன்ற ஊட்டுக்கு வந்து நிக்குது. அங்க இடைவெளி பாத்து நடலை, நெருக்கி நட்டு உச்சிக்கு உச்சி உரசுது. எலிக்கு அது போதும். தரைக்கே எறங்காம மரத்துக்கு மரம் போயிக் குரும்பையைக் கடிச்சுத் தள்ளுது. 2019-ல கேரளாவுல இருந்து கூகையைக் கொண்டுபோயி வுட்டுப் பாத்தாங்க. கூகைக்கு யாரு பொறுப்புக் கையெழுத்துப் போட்டாங்கன்னு தெரியலை. நமக்கு வெள்ளை ஈ, அவியளுக்கு எலி. தென்னை வெச்சவன் எங்கயும் நிம்மதியாத் தூங்குனதில்ல.

அம்முணிக்குன்னு ஒரு சேதி வெச்சிருக்கேன். மினிக்காய் தவுத்து மத்த தீவுகள்ல பேசறது மலையாளத்துல ஒரு வகை, மினிக்காய்ல மாலத்தீவுப் பேச்சு. சனம் ஏறக்கொறைய முச்சூடும் முஸ்லிம். ஆனா வமிசம் தாய் வழி. பழைய வழக்கப்படி கல்யாணமானாலும் பொண்ணு தாய்வூட்டுலயே இருக்கும். மாப்பிள்ளைதான் ராத்திரி அங்க வந்துட்டு, பொழுது விடிஞ்சா அவன் அம்மா ஊட்டுக்குப் போயிருவான். தறவாடுங்கற தாய் வழிக் குடும்பத்துச் சொத்து பொண்ணு வழியா எறங்கும். இதைக் கேட்டதுல இருந்து அமுச்சி என்னைய ஒரு மாதிரியாப் பாக்கறா. நீயும் கேட்டு வெச்சுக்க, இவன் எகத்தாளம் பண்றப்ப உதவும்.

இத்தனையும் எதுக்குச் சொல்றேன்னா, அது உனக்குன்னு காலியா வெச்ச எடமில்ல. கெணத்தடியும் தறவாடும் பள்ளிவாசலும் எலித் தொந்தரவும் இருக்கற, புழங்கிட்டு இருக்கற ஊடு. அதனால ஒறம்பரையாப் போ. மாமனார் ஊட்டுக்கு மொதத் தடவை போறப்ப எப்புடி இருப்பே? குடுத்த தண்ணியில குளிச்சு, போட்ட சோத்தைத் தின்னு, "எங்கூட்டுல இப்புடி இல்லீங்க"ன்னு வாயைத் தொறக்காம இருப்பேல்ல? அதுதான். ஊருக்குள்ள அரை டவுசரோட திரியாத. யாரு ஊட்டையும் யாரு பொண்டு புள்ளைகளையும் கேக்காமப் படம் புடிக்காத. கப்பலு வரலைன்னா தக்காளி இருக்காது, மீன் இருக்கும், தேங்கா இருக்கும், தின்னுட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லு. கொண்டுபோன பிளாஸ்டிக்குப் பையைத் திருப்பிக் கொண்டா, பொதைக்க அங்க பொறம்போக்கு கெடையாது.

தண்ணிக்குள்ள பவளத்தைப் பாக்கறப்ப மெதந்துட்டே பாரு, மிதிச்சுப்போடாத. கல்லாட்டந்தான் இருக்கும், உசுரு. அந்தத் தீவு மண்ணே அது செத்துப் பொடியானதுதான். 1998, 2010, 2016, 2024-ன்னு கடல் சூடேறி வெளுத்து வெளுத்துப் போயி, இருக்கறதே பாதி உசுரோட இருக்குது. உம்பட பெரியம்மா "ஷோகேசுல வெக்க ரெண்டு எடுத்தா கண்ணு"ன்னு கேப்பா. ஒரு துண்டு எடுத்தாலும் வனவிலங்குச் சட்டத்துல வழக்கு. போறப்ப சுத்தமா இருந்த போலீசு சான்றிதழ் வாரப்ப அழுக்காயிரும்.

எனக்குன்னு எதாச்சும் வாங்கோணும்னா, மினிக்காய் மாசி. வலை போட்டு அள்ளாம தூண்டில்ல ஒண்ணொண்ணாப் புடிச்ச சூரையை வேகவெச்சு, பொகை போட்டு, வெயில்ல கட்டையாக் காயவெச்சது. சீவிப் போட்டுத் தேங்காயும் மொளகாயும் வெச்சு அரைச்சா, பழைய சோத்துக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அமுச்சிக்கு ஒண்ணும் வேண்டாம்பா, அவளுக்கும் சேத்து வாங்கிக்க.

கடேசியா ஒண்ணு, இதை மட்டும் கேட்டபடியே நடக்கோணும். போயிட்டு வந்து படத்தைப் போட்டு "சொர்க்கம்"னு எழுதிப்போடாத. யாராச்சும் கேட்டா ஒரே உப்புக் காத்து, சாராயம் கெடையாது, கப்பல்ல வாந்தின்னு சொல்லு. அத்தனையும் நெசந்தான், சாமி சத்தியமாச் சொல்லலாம். சரவணம்பட்டி முச்சூடும் கெளம்பிருச்சுன்னா அந்த 1 லட்சம் லிட்டர் எந்த மூலைக்கு? அதுபோக, தை நோம்பி முடிஞ்சதும் நாங்க மறுக்கா குருவாயூர் போலாம்னு இருக்கோம். பர்மிட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. உங்கம்மா கிட்ட வாயைத் தொறக்காத.